மாமியாரும் ஐந்து பேரும்

சிங்கப்பூரில் கொரோனா காலத்தில் ‘ஐந்து பேருக்குத்தான் அனுமதி, சட்டம்மா!’ என்று என்னை வீட்டில் விட்டுவிட்டு மகனும் மருமகளும் மூன்று பேரப்பிள்ளைகளும் தேக்கா போனார்கள். சட்டம் மாமியார்களுக்கு மட்டும்தானா?
— ஈசூன் வாசகி

2020 டிசம்பர் 28 முதல் எட்டுப் பேர் போகலாம் என்றாகிவிட்டதே அம்மா! அதற்குப் பிறகும் விட்டுப் போயிருந்தால் அது கொரோனா இல்லை, வேறு வியாதி. 2021 மே 16 முதல் இரண்டே பேர் என்று சுருக்கினார்களே, அப்போது பேரப்பிள்ளைகளை யாரிடம் விட்டுப் போனார்கள்?

தேக்கா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விடுதிகளில் அடைபட்டிருந்த வெளிநாட்டு ஊழியர்களுக்கு அந்தத் தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியா மறுபடி திறந்தது 2021 செப்டம்பரில்தான். அதுவும் சோதனை முயற்சியாக. தடுப்பூசி போட்டவர்களில் வாரத்துக்கு 500 பேர் வரை.