நம்பாதவரே நல்ல வாடிக்கையாளர்

"விளம்பரத்தையெல்லாம் யார் சார் நம்புகிறார்கள்?" என்று கேட்காத தமிழர் கிடையாது. கேட்பவர் வீட்டுக் குளியலறையை எட்டிப் பார்த்தால் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தேங்காய் எண்ணெய் என்று அத்தனையும் சீரியலுக்கு நடுவே தினமும் தலைகாட்டுகிற பிரமுகர்களாகவே இருக்கும். இதை வைத்து அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. அவர் நம்பவில்லைதான். விளம்பரக்காரர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். அவர்கள் நம் நம்பிக்கையைக் கேட்கவுமில்லை. கடைக்காரர் "என்ன வேணும்?" என்று கேட்கும்போது நம் வாயில் எந்தப் பெயர் முதலில் வந்து விழுகிறது என்பதே அவர்கள் கணக்கு. அந்தக் கணக்குக்கு நம்புகிறவரைவிட நம்பாதவரே தோது என்பது என் கட்சி. நம்புகிறவர் என்றாவது ஒருநாள் ஏமாந்துபோய்க் கோபித்துக்கொண்டு கடையை மாற்றுவார். நம்பாதவர் ஏமாறுவதற்கே வழியில்லை. ஆகவே நிம்மதியாக வாங்கிக்கொண்டே இருப்பார்.

பற்பசை விளம்பரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பிரஷ்ஷின் ஒரு முனையில் இறங்கும் பசை, அலை அலையாக மறுமுனை வரை ஓடி, கடைசியில் கோயில் யானை தும்பிக்கையைத் தூக்குவதுபோல் வாலைச் சுருட்டி மேலே நிற்கும். இவ்வளவு வையுங்கள் என்று அதில் யாரும் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் கேள்வி வரும். அதே பசையின் அட்டைப்பெட்டியைத் திருப்பினால், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பட்டாணி அளவு போதும் என்று எறும்பு படிக்கிற எழுத்தில் போட்டிருக்கும். முன்பக்கம் சினிமா, பின்பக்கம் சாசனம். ஆனால் காலையில் தூக்கக் கலக்கத்தோடு ட்யூபைப் பிதுக்குகிற கை எதைக் கற்றுக்கொண்டிருக்கிறது என்பதை நாளை காலை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். விளம்பரத்தை நம்பாதது மூளை. பசையை வைப்பது கை. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ட்யூப் மட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

திரும்பத் திரும்பப் பார்ப்பதால் மட்டுமே ஒன்று பிடித்துப்போகுமா என்று கேட்கலாம். 1968-இல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், அர்த்தமே இல்லாத சில சொற்களையும் சீன எழுத்துபோல் தோன்றுகிற சில கோடுகளையும் ஆட்களிடம் காட்டினார். சிலவற்றை ஓரிரு முறை, சிலவற்றைப் பல முறை. பிறகு எதற்கு நல்ல பொருள் இருக்கும் என்று கேட்டபோது, அதிகம் கண்ணில் பட்டவற்றுக்குத்தான் அதிக மதிப்பெண் கிடைத்தது. (சுவருக்குச் சுவர் தேர்தல் சின்னம் வரைகிற நம் கட்சிக்காரர்களுக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை.) தமிழ்நாட்டில் இதைவிடப் பலமான சாட்சி ஒன்று உண்டு. லெஜண்ட் சரவணா ஸ்டோர்ஸ் முதலாளி சரவணன், நடிகைகள் ஹன்சிகாவோடும் தமன்னாவோடும் தன் கடை விளம்பரத்தில் தோன்றி ஆடியபோது ஊரே சிரித்தது. மீம் போடாத கைபேசி இல்லை. ஆனால் தொலைக்காட்சியில் விநாடிக்கு இவ்வளவு என்று காசு கட்டி விளம்பரம் செய்கிற முதலாளிக்கு, கேலி செய்தவர்கள் சம்பளமில்லாத ஏஜெண்டுகளாக இரவு பகல் உழைத்தார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. 2022-இல் அவர் 'தி லெஜண்ட்' படத்தில் கதாநாயகனாகவே வந்துவிட்டார். படம் எப்படி இருந்தது என்பது சினிமா விமர்சகர் பாடு. சிரித்தவர்களில் ஒருவராவது கடையின் பெயரை மறந்தாரா என்பதே என் கேள்வி.

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர் கையில் ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்க வேண்டும் என்பது நம் ஊரில் வெகுகாலம் எழுதாத சட்டமாக இருந்தது. டாக்டர் சொன்னதில்லை, நோயாளி கேட்டதில்லை. வெறுங்கையோடு போகக் கூடாது, அவ்வளவுதான். மாவு தீர்ந்ததும் அந்த பாட்டில் அடுப்படி அலமாரியில் ஏறி, வயிற்றில் கடுகையோ துவரம்பருப்பையோ சுமந்துகொண்டு, பெயரை வெளியே காட்டியபடி ஆண்டுக்கணக்கில் நின்றது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் வைக்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகைக்கு வரையறையே இல்லையாம். அதே மாதம் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் ஹார்லிக்ஸ் சேர்ந்த வகையின் பெயரை 'ஃபங்ஷனல் நியூட்ரிஷனல் டிரிங்க்ஸ்' என்று மாற்றிக்கொண்டது. செய்தியைப் படித்துவிட்டு எந்த வீட்டிலாவது யாராவது டம்ளரைக் கீழே வைத்தார்களா? 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனதும் இதே கதைதான். சிவப்பாக்குகிறேன் என்ற பேச்சு பெயரிலிருந்து போனது. ட்யூப் கடையிலேயே இருந்தது. கொடுத்த வாக்கைத் திரும்பப் பெற்ற பிறகும் வியாபாரம் நடக்கிறதென்றால், வாக்கை நம்பி யாரும் வாங்கவில்லை என்றுதானே அர்த்தம்?

"இதெல்லாம் படிக்காதவர்களிடம் செல்லும், என்னிடம் நடக்காது" என்பார் ஒருவர். அவருக்காகவே 1983-இல் பிலிப்ஸ் டேவிசன் என்ற சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதிவைத்திருக்கிறார். ஊடகம் தன்னைவிட மற்றவர்களைத்தான் அதிகம் ஆட்டிவைக்கிறது என்று மனிதர்கள் நினைக்கிறார்கள் என்பது அதன் சாரம். ஊரில் எல்லோருமே அந்த 'மற்றவர்கள்' பட்டியலில் அடுத்த வீட்டுக்காரரை எழுதிக்கொண்டால், பட்டியலில் விடுபட்டவர் யார் என்று பார்க்க வேண்டும். 999 ரூபாய் என்றால் ஆயிரம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களே வீட்டில் வந்து "தொள்ளாயிரத்துச் சொச்சம்தான்" என்கிறார்கள்.

விளம்பரம் இல்லாவிட்டால் ஆடித் தள்ளுபடி எங்கே என்று எப்படித் தெரியும், பத்திரிகைகள் எப்படிப் பிழைக்கும் என்று இன்னொருவர் கேட்பார். நியாயமான கேள்வி, பத்திரிகை பிழைக்க வேண்டும் என்பதில் எனக்கும் சொந்த அக்கறை உண்டு. 'வீடு வாடகைக்கு', 'மணமகள் தேவை' என்கிற வரி விளம்பரங்கள் முழுக்கத் தகவல்தான். அவற்றில் யாரும் ஆடுவதில்லை. தகவல் எவ்வளவு குறைவோ ஆட்டம் அவ்வளவு அதிகம் என்று ஒரு விதியே வகுக்கலாம்.

பிறகு சட்டம் இருக்கிறதே என்பார்கள். உண்மையில் நல்ல சட்டம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். அதில் நடித்துப் பரிந்துரைக்கிற நட்சத்திரத்தையும் ஓராண்டு வரை விளம்பரப் பக்கம் வராமல் தடுக்கலாம். 2022-இல் வந்த வழிகாட்டுதல்கள், பொறுப்புத்துறப்பு வாசகம் விளம்பரம் பேசுகிற அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் சட்டம் பிடிப்பது பொய்யையும் ஏமாற்றையும் மட்டும்தான். சலவைத்தூள் விளம்பரத்தில் சேற்றில் புரண்டு வருகிற பையனைப் பார்த்து ஓர் அம்மா சிரிக்கிறார்; இதில் எந்த வாக்கியத்துக்கு அபராதம் போடுவது? சுருண்ட பசையும், ஆடுகிற முதலாளியும், பருப்பு சுமக்கிற பாட்டிலும் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொய் சொன்ன விளம்பரத்தைப் பற்றி அங்கே தமிழிலேயே புகார் சொல்லலாம், தயங்காமல் சொல்லுங்கள். மனதுக்குப் பிடித்துப்போன விளம்பரத்தைப் பற்றிப் புகார் வாங்க அங்கே ஆள் கிடையாது. அதை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.