மாமியார் தேத்தண்ணி போடும் நேரம்

கேள்வி: பாலியல் சுகாதாரம் உரிமையாம். சங்கங்கள் கூடித் தீர்மானம் போட்டால் எங்களுக்கு என்ன வரும்?
– வாசகி, இலுப்பைக்கடவை

பதில்: வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர், மாமியாரைத் தேத்தண்ணி போட அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தி உங்களிடம் குடும்பத் திட்டம் பற்றிக் கேட்பாரே, அந்த ஐந்து நிமிடத் தனிமைதான் தங்கச்சி உரிமை! அது லேசில் வரவில்லை. இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் 1953இல் தொடங்கியது. ஆரம்பகாலத்தில் உழைத்தவர்களில் மருத்துவர் சிவா சின்னத்தம்பியும் ஒருவர். 1965இல்தான் அரசாங்கம் குடும்பத் திட்டத்தைக் கொள்கையாக ஏற்றது. உலக அளவிலும் இப்படியொரு சங்கம் உண்டு: பாலியல் சுகாதாரத்துக்கான உலகச் சங்கம் 1999இல் ஹொங்கொங்கில் ஏற்ற பாலியல் உரிமைப் பிரகடனத்தை 2014இல் தானே திருத்தியது. தன் எழுத்தைத் தானே திருத்தும் சங்கத்தை நம்பலாம். உங்கள் மாதர் சங்கப் பொதுக்கூட்டத்தில், கணக்கறிக்கை முடிந்ததும் இந்த உரிமைப் பேச்சையும் எடுங்கள். கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.