கேசட்டில் அகப்பட்ட அதிரசம்

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தவளிடம் வாங்கிக் கேட்டுப் பார்த்தேன். கிரைண்டருக்குள் கரண்டி விழுந்த மாதிரி ஒரு சத்தம். அதற்குள் நாலு பேர் கத்துகிறார்கள். நடுவில் யாரோ இருமுகிறார்கள்.

"பங்க் ராக்ப்பா. கூட்டத்துல நின்ன ஒரு ரசிகர் டேப்புல எடுத்தது. இதுக்குத்தான் இப்ப மதிப்பு" என்றாள்.

இருமலுக்கு மதிப்பு என்றால் நானும் லட்சாதிபதிதான். எழுந்துபோய் பீரோவைத் திறந்தேன். பத்திரங்களுக்கு அடியில் இருந்தது அந்தக் கேசட். மேலே பால்பாயிண்ட் பேனாவில் என் பத்தாம் வகுப்புக் கையெழுத்து: 'சிவகாசி பத்ரகாளியம்மன் சித்திரைப் பொங்கல் கச்சேரி, 1988. அழிக்காதே.'

அந்த ஏப்ரலில்தான் 'அக்னி நட்சத்திரம்' வந்திருந்தது. படத்தை விடுங்கள், பாட்டு. எங்கள் விருதுநகரில் டீக்கடைக்கு டீக்கடை இளையராஜாதான். சிவகாசியில் பொங்கலுக்கு மதுரையிலிருந்து மெல்லிசைக் குழு வருகிறது, அந்தப் பாட்டுகளை மேடையில் வாசிக்கப் போகிறார்கள் என்று அத்தை வீட்டிலிருந்து தகவல் வந்ததும், சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கினேன். அசல் ஜப்பான். ஒரு புது தொண்ணூறு நிமிஷக் கேசட். அம்மா ஒரு தூக்குவாளி நிறைய அதிரசம் சுட்டுக் கொடுத்தாள். திருத்தங்கல் வழியாக ஒரு மணி நேர பஸ் பயணம். ரெக்கார்டர் மடியில், அதிரசம் காலடியில்.

1984-இல் அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற குழு, கச்சேரியைப் பதிவுசெய்ய வரும் ரசிகர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கிக் கொடுத்ததாம். சிவகாசியில் எனக்குக் கிடைத்த இடம் பெண்கள் பகுதியில், அத்தைக்கும் அத்தையின் சேக்காளிக்கும் நடுவில். ஆண்கள் பக்கம் போனால் பெட்டியைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அத்தைக்குப் பயம். தலைக்கு மேலே வேப்பமரத்தில் கூம்பு ஸ்பீக்கர். இதைவிட நல்ல இடம் உண்டா என்று நினைத்தேன்.

அந்தக் காலத்து வீட்டு ரெக்கார்டர்களில் பெரும்பாலும், பதிவாகும் சத்தத்தை நாம் கூட்டிக் குறைக்கக் குமிழ் கிடையாது. அந்த வேலையை உள்ளே ஒரு சர்க்யூட் தானே பார்த்துக்கொள்ளும். பெரிய சத்தம் வந்தால் சட்டென்று அமுக்கும். சத்தம் அடங்கினால் மெல்ல மெல்லத் தூக்கிவிடும். உரக்கப் பேசுகிறவனை உட்காரவைத்து, முணுமுணுக்கிறவனுக்கு மைக் கொடுக்கிற சோஷலிசப் பெட்டி. காமராஜர் பிறந்த ஊர்க்காரனான எனக்கு இது பிடித்திருக்க வேண்டும். அன்றைக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது.

முதல் பாட்டின் பல்லவி முடியவில்லை, கோயில் பக்கம் வேட்டு போட்டார்கள்.

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த ஊர் அது. அங்கே அம்மனுக்கு வெடி போடுவதில் யார் கஞ்சத்தனம் பார்ப்பார்கள்? பிள்ளையார் சுழி போல ஓர் அதிர்வேட்டு. பிறகு சரம். டேப்பில் கேட்டால், ஒவ்வொரு வெடிக்கும் பாட்டு கிணற்றில் விழுந்த வாளியாக உள்ளே போய்விடுகிறது. யாரோ கயிறு இழுப்பதுபோல மெல்ல மேலே வருகிறது. விளிம்புக்கு வரும் நேரம் அடுத்த வெடி. பத்தாயிரம் வாலா ஒன்றைப் பற்றவைத்தார்கள் பாருங்கள், அதோடு ஒரு முழுப் பாட்டு, இரண்டு சரணமும் சேர்த்து, கிணற்றிலேயே கிடந்துவிட்டது. வெடித்த இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று அரசாங்கம் விதி போட்டது 1999-இல். என் கேசட்டுக்கு அது பதினோரு வருஷம் பிந்திய உதவி. சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்று நேரு சொன்னதாகச் சொல்வார்கள். பெரிய ஜப்பானை அது மண்ணைக் கவ்வவைத்ததை நேரில் பார்த்தவன் நான்.

பி பக்கத்தில் வேறு வினை. பேட்டரி தீர்ந்துகொண்டே வந்து மோட்டார் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகச் சுற்றிப் பதிந்ததை வீட்டுக் கரண்டில் போட்டால் வேகமாகப் பாடும், குரலும் ஏறும். எஸ்.பி.பி. பாட்டைக் கனமாக ஆரம்பித்த அந்த மதுரை அண்ணன், கடைசிப் பாட்டுக்குள் எஸ். ஜானகி குழந்தைக் குரலில் பாடுகிற அளவுக்குப் போய்விட்டார்.

இதையெல்லாம் அறியாமல், யாரும் மேலே வேறெதையும் பதிந்துவிடக் கூடாதென்று கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிட்டு ஊர் வந்தேன். அடுத்த ஞாயிறு விருதுநகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வெளியீட்டு விழா. அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள்.

மாமா பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இது லட்சுமி வெடி... இது குருவி... இந்தா, இது அணுகுண்டு. நூல் சுத்துனது பத்தலை, அதான் சத்தம் அமுங்கிப் போச்சு. திரியும் நமுத்திருக்கு."

பாகவதரின் ஆலாபனைக்குத் தலையாட்டுவதுபோல ஒவ்வொரு வெடிக்கும் தலையாட்டினார். ஏ பக்கம் பாதியில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நல்லா எடுத்திருக்கப்பா மாப்பிள்ளை. நடுவுல நடுவுல பாட்டு வந்து கெடுக்குது, அத மட்டும் எடுக்க முடியாதா?"

அப்போதுதான் இரண்டு பாட்டுக்கு நடுவே கச்சேரி நின்றது. வெடியும் நின்றது. சோஷலிசப் பெட்டி தன் வேலையைத் தொடங்கியிருந்தது. முதலில் வேப்பமரக் காற்று. பிறகு யாரோ ஒரு குழந்தையின் சிணுங்கல். பிறகு, அகில இந்திய வானொலியில் செய்தி வாசிப்பதுபோல அத்தனை துல்லியமாக, சேக்காளியிடம் அத்தை:

"எங்க மதினி குடுத்துவிட்ட அதிரசத்தப் பாத்தியா? எங்க வீட்டு ஆளுகிட்ட குடுத்தா மருந்துக்குப் பதிலா உள்ள வச்சுக் கட்டிருவாரு."

கூடத்தில் யாரும் அசையவில்லை. டேப்பில் மட்டும் சேக்காளி சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். பஸ் எத்தனை மணிக்கு என்று மாமா சுவரைப் பார்த்துக் கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ராசா, அத இன்னொரு தடவ போடு."

போட்டேன். அன்றைக்கு மூன்று தடவை போட்டேன். அதன்பிறகு எட்டு தீபாவளிக்கு எங்கள் வீட்டில் அதிரசம் இல்லை.

அத்தை சும்மா இருக்கவில்லை. அடுத்த மாதமே தனியாக வந்து, அந்த இடத்தில் மட்டும் ஒரு பக்திப் பாட்டைப் பதிந்துவிடு என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பல்லை உடைத்துவிட்டேன், இனி இதில் பதியவே முடியாது என்றேன். உடைந்த ஓட்டையில் துண்டு செலோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம். அது அத்தைக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடைசெய்தபோது மாமா இந்தக் கேசட்டைக் கேட்டு வாங்கிப்போய் ஒரு வாரம் வைத்திருந்தார். அந்தத் தீர்ப்பில் எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டு அடுப்பு ஆட்டம் கண்டது என்பதை இந்த மாதிரிக் கட்டுரையில் எழுத முடியாது.

மகள் முழுவதும் கேட்டாள். "செம பங்க்ப்பா இது" என்று கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டாள். அவள்தான் சொன்னாள்: 1976 ஜூன் 4-ஆம் தேதி மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் கச்சேரிக்கு வந்தது நாற்பது பேர் சொச்சம்தானாம். பிற்பாடு 'நானும் அங்கே இருந்தேன்' என்று கிளம்பியவர்களை உட்காரவைக்க மைதானம் பத்தாதாம். எங்கள் கதை நேர்மாறு. ஊரே இருந்தது. தான் இருந்ததாக அத்தை மட்டும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அது சேக்காளி குரலாம்.

சிவகாசிக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். அந்த ராத்திரி உங்களில் வேறு யாராவது டேப்பில் பிடித்திருந்தால், பத்தாயிரம் வாலாவில் போன அந்தப் பாட்டு எது என்று மட்டும் சொல்லுங்கள். ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்ததாக இருந்தால், எங்கள் மாமா அதிரசத்தைப் பற்றி என்ன சொன்னார் என்பதைத் தயவுசெய்து சொல்ல வேண்டாம்.