ஓரறிவு உயிரும் மூவறிவு உணவும்: பால்கனித் தொட்டி ஒன்றை முன்வைத்து

ஆய்வின் தேவை

புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, எறும்புக்கு மூவறிவு என்று வகுத்தது தொல்காப்பியம். ஓரறிவு மூவறிவைத் தின்னும் வழக்கும் உண்டு என்பதற்குச் சென்னையில் எங்கள் வீட்டு பால்கனியில் ஒரு சான்று கிடைத்திருக்கிறது. நர்சரிக்காரர் அதைக் 'கொசு தின்னிச் செடி' என்று சொல்லி விற்றார். அக்கூற்று மெய்தானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட செடி: 1. ஒப்பீட்டுக்கு: பக்கத்துத் தொட்டித் துளசி.

இனங்காணல்

வந்தபோது கன்று ஒரு சாண்கூட இல்லை, குடுவையும் இல்லை. அது இன்னது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவியது. ஆர்கிட் என்றாள் மனைவி. ஏதோ லில்லி என்றார் அப்பா. அம்மா மட்டும் களப்பணியில் இறங்கினார். "எல்லா இலையும் நுனி கருகிக் கிடக்குதுடா" என்று சொல்லி, பால் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோலால் நுனிகளைத் திருத்திவிட்டார்.

இனங்காணலின் சூட்சுமம் அந்த நுனியில்தான் இருந்தது. இலையின் நடுநரம்பு இலையைத் தாண்டி நீளும். அதன் முனையில் மிளகளவில் பழுப்பாக ஒரு மொட்டு. அது கருகல் அன்று, கரு. ஊதிப் பெருத்து, மூடி திறந்து, குடுவையாக வேண்டியது. இந்த அடையாளம் இருந்தால் செடி நெப்பந்திஸ். இலையே குழாயாகி மண்ணிலிருந்து நிமிர்ந்து நின்றால் அது வட அமெரிக்காவின் சரசீனியா. குளிர்காலத்தில் உறங்கியே தீரவேண்டிய அதற்கு நம்மூர் மார்கழி போதாது. இளம் நெப்பந்திஸின் குடுவை தொந்தியும் முன்பக்கம் இரண்டு சிறகுமாகத் தரையோடு அமரும். கொடி ஏறியபின் வரும் குடுவைகள் இளைத்துச் சிறகையும் துறக்கும். ஒரே செடியை இரண்டு செடியென்று சாதிக்க இடமுண்டு.

முன்னோர் ஆய்வுகள்

ஹோமரின் காவியத்தில் ஹெலன் மதுவில் கலந்து கொடுத்த துயர்போக்கி மருந்தின் பெயரை லின்னேயஸ் இதற்குச் சூட்டினார். 1753-இல் அவர் பட்டியலிட்டது இலங்கைச் செடி. பூச்சியுண்ணும் தாவரங்களுக்கென்றே டார்வின் 1875-இல் ஒரு நூல் எழுதினார். இந்தியாவுக்கு உரியது ஒரே இனம், மேகாலயாவின் காசியானா. காரோ மக்கள் அதை 'மேமாங் கொக்சி', அதாவது பேயின் கூடை என்கிறார்கள். துயர்போக்கியா, பேய்க்கூடையா என்பது பார்ப்பவர் மனிதரா, எறும்பா என்பதைப் பொறுத்தது.

வளர்ப்பு முறை

சத்தில்லாத மண்ணில் பிழைக்க வேண்டியிருந்ததால்தான் இக்குலம் பூச்சிக்கு வாய் திறந்தது. நைட்ரஜன் குடுவை வழியே வந்துவிடும்; வேருக்கு எதுவும் கொடுக்கலாகாது. இதை ஒரு தமிழ்த் தாய்க்கு விளக்குவதே இத்துறையின் ஆகப்பெரிய சவால். அரிசி கழுவிய தண்ணீர், நீர்மோர், மண்புழு உரம் ஆகிய மூன்றும் இரண்டு தொட்டிக்கும் சமமாக வழங்கப்பட்டன. துளசி கிளை பரப்பியது. நெப்பந்திஸ் மெய்யாகவே கருகியது. முதல் குடுவைக்கு அன்போடு ஊட்டிய இட்லித் துணுக்கு, குடுவையோடு சேர்ந்து அழுகியது.

உபசாரத்தை நிறுத்தியபின் செடி தேறியது. உப்புப் போக அலசிய தேங்காய் நாரும் பெர்லைட்டும் கலந்து தொட்டியை மாற்றினோம். உச்சி வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தோம். போர்த் தண்ணீரின் உப்பு ஆகாது என்பதால் மழைநீரை வாளியில் பிடித்தோம். தமிழகத்தில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. எங்கள் வீட்டில் அதனால் கண்கூடாகப் பயனடைந்த முதல் நபர் இச்செடிதான்.

முடிவுகள்

ஆறு மாதத்தில் நான்கு குடுவைகள். ஒன்றை டார்ச் அடித்துப் பார்த்ததில் எறும்பு 3, பழ ஈ 1, கொசு 0. மூடி படக்கென்று மூடிக்கொள்ளும் என்பது வெறும் வதந்தி; அது மழைக்குப் பிடித்த குடை, அசையாது. விளிம்பில் தேன் கசியும். ஈரம் பட்டால் அதே விளிம்பு பாசி பிடித்த குளப்படி. தேனுக்கு வரும் எறும்பு வழுக்கி விழுகிறது. கொசுவும் தேன் குடிக்கும்; ஆனாலும் எங்கள் குடுவையில் வந்து விழவில்லை. மலேசியக் காடுகளில் கொசு தேடி வருவது முட்டையிட. அங்கே இக்குடுவை நீரிலேயே பிறந்து வளரும் கொசுப்புழுக்கள் உண்டு.

ஆய்வு நிறைவுறும் வேளையில், கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஃபிரிட்ஜின் பின்தட்டைப் பார்த்தார், பூந்தொட்டித் தட்டைப் பார்த்தார், கடைசியில் குடுவைக்குள் எட்டிப் பார்த்தார்.

"தண்ணி தேங்கியிருக்கு சார். கவுத்துருங்க."

"இல்லைங்க, இது கொசுவைத் தின்ற செடி."

"அது கொசுவுக்குத் தெரியுமா சார்?"

இவ்வினா மேலாய்வுக்கு உரியது.