அட்டவணை அப்பா

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை காலை. ஜெர்மனியின் கொலோன் ரயில் நிலையம். முதுகில் ஒரு பை, தோளில் ஒரு பை, பாஸ்போர்ட்டுகளைப் பதுக்கிய குட்டிப் பை ஒன்று வயிற்றில், தலையில் குரங்குக் குல்லா. இந்தக் கோலத்தில் ஒருவர் நின்றுகொண்டு, வராத ரயிலை முறைத்துக்கொண்டிருந்தால் தயங்காமல் தமிழிலேயே வணக்கம் சொல்லலாம். அவர்தான் அட்டவணை அப்பா. பக்கத்தில் கொட்டாவி விடுபவர் அவர் மனைவி. சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து, ஊரிலிருந்து வந்த கைமுறுக்கைப் புறாக்களுக்குப் பங்கு போட்டுக்கொண்டிருப்பவர்கள் அவர் வாரிசுகள்.

கம்பெனி அவரை மூன்று மாதம் ஆன்சைட் அனுப்பியிருக்கிறது. ஷெங்கன் விசாவும் குடும்பத்துக்கு 180 நாளில் 90 நாள் வரைதான் தங்க இடம் தருகிறது. இரண்டு கணக்கும் ஒத்துப்போனதைக் கண்ட அன்றே டிக்கெட் போட்டுவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போன கடிதத்தில் "தவிர்க்க முடியாத குடும்பக் காரணங்களால்" என்று எழுதியிருந்தார். அரையாண்டுத் தேர்வு போயிற்று. "அந்தத் தவிர்க்க முடியாத காரணம் நீங்கதான்" என்றார் மனைவி.

அவருடைய எக்செல் கோப்பைப் பார்க்காதவர்கள் அவரை அறிந்தவர்கள் ஆகமாட்டார்கள். பச்சை நிறம் இலவச இடம், மஞ்சள் நிறம் பிள்ளைகளுக்கு மட்டும் இலவசம், சிவப்பு என்றால் எல்லோருக்கும் காசு. புறப்படும் நேரம், சேரும் நேரம், நடைமேடை எண், நுழைவுக் கட்டணம் யூரோவில், அதே கட்டணம் ரூபாயில் என்று கட்டம் கட்டமாகப் போகும். கடைசிக்கு முந்தைய கட்டத்தின் தலைப்பு "பிள்ளைகள் கற்றுக்கொள்வது". அதில் "கோதிக் கட்டடக் கலை", "ஒழுங்கு", "நேரம் தவறாமை" என்றெல்லாம் நிரப்பியிருப்பார். நேரம் தவறாமையை அவர் எழுதியது ரயிலில் ஏறுவதற்கு முன்பு.

கடைசிக் கட்டம், கழிப்பறை. இந்த ஊர்களில் ரயில் நிலையக் கழிப்பறைக்கு ஒரு யூரோ கேட்பார்கள். ஒரு யூரோ என்பது அப்போதே நூறு ரூபாயை நெருங்கிவிட்ட சங்கதி. நாலு பேர், ஒரு நாளைக்கு மூன்று தடவை என்று பெருக்கிப் பார்த்து முதல் வாரமே அவருக்கு வியர்த்துவிட்டது. அதன்பிறகு வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் ஒரு பொது அறிவிப்பு உண்டு: "வருதோ இல்லையோ, எல்லாரும் ஒரு தடவை போயிட்டு வந்துடுங்க." யூரோவை ரூபாயாக மாற்றிப் பார்ப்பவர்களைக் கேலி செய்வது இப்போது நாகரிகமாகிவிட்டது. நான் அந்தக் கட்சி இல்லை. வீட்டுக் கடனுக்குத் தவணை ரூபாயில் கட்டுகிறவன் ரூபாயில்தான் யோசிப்பான்.

கொலோன் பேராலயத்தில் அவரைப் பார்க்க வேண்டும். 1248-இல் தொடங்கி 1880-இல் முடித்த கோயில் அது. நடுவில் காசும் தீர்ந்து ஆர்வமும் தீர்ந்து, பாதியில் நின்ற தெற்குக் கோபுரத்தின் உச்சியில் மரத்தாலான பாரந்தூக்கி ஒன்று ஏறத்தாழ 400 ஆண்டுகள் சும்மா நின்றிருக்கிறது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் வரும் ஆனந்தம் தனி.

"632 வருஷம்டா! நம்ம ராஜராஜன் 1010-லயே தஞ்சாவூர்ல கலசம் வச்சுட்டான். இவங்க அஸ்திவாரம் போடவே அதுக்கப்புறம் 238 வருஷம் ஆயிருக்கு."

"காண்ட்ராக்டர் யாருப்பா?" என்கிறான் பெரியவன். மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்காமலே காண்ட்ராக்டர் காணாமல் போன வீட்டில் வளர்கிற பிள்ளை; கேட்கத்தான் செய்வான். அப்பா பேச்சை மாற்றி, 533 படிக்கட்டு ஏற உத்தரவிடுகிறார். லிஃப்ட் கிடையாது. மனைவி, "எனக்குப் பழனி ஏறுன புண்ணியமே போதும்" என்று கீழேயே உட்கார்ந்துவிடுகிறார். பாதி தூரத்தில் சின்னவள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அங்கிருந்து அவளைச் சுமந்தபடி உச்சிக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே அட்டவணை ஒதுக்கியிருப்பது 12 நிமிடம். அதில் 11 நிமிடம் சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவுக்குப் படம் அனுப்பியதில் போய்விடுகிறது. மிச்ச ஒரு நிமிடத்தில் ரைன் நதி.

இரவு சாப்பிடும்போது பரீட்சை. "இன்னிக்கு உங்களுக்கு என்னடா பிடிச்சது?"

"கோயிலுக்கு வெளியில தரையில சாக்பீஸ்ல ஒருத்தர் படம் வரைஞ்சாரே, அது" என்கிறான் பெரியவன். சின்னவள் யோசிக்காமல் சொல்கிறாள்: "புறா."

புறா ஊரிலும் இருக்கிறது, அதுவும் இலவசமாக. அப்பா கோப்பைத் திறந்து "கோதிக் கட்டடக் கலை" என்பதற்கு நேரே டிக் போட்டுக்கொண்டார்.

இதெல்லாம் சனி, ஞாயிறு. திங்கள் முதல் வெள்ளி வரை அவர் ஆபீஸுக்குப் போய்விடுவார். அந்த ஐந்து நாளும் பிள்ளைகள் தெருக்கோடி விளையாட்டுத் திடலில். அக்டோபரில் கொலோன் இருக்கும் மாநிலத்துப் பள்ளிகளுக்கு இரண்டு வாரம் இலையுதிர்கால விடுமுறை விடுகிறார்கள். ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு தோண்டப் பிள்ளைகளின் கை தேவைப்பட்டதால் அதற்கு உருளைக்கிழங்கு விடுமுறை என்றே பெயர் இருந்தது. இப்போது கிழங்கை இயந்திரம் தோண்டுகிறது, பிள்ளைகள் திடலில் சேற்றைத் தோண்டுகிறார்கள். நம் பிள்ளைகளும் போய்ச் சேர்ந்தார்கள். முதல் நாள் பேச்சில்லை. இரண்டாம் நாள் சைகை. வாரக் கடைசியில் சண்டை போடும் அளவுக்கு ஜெர்மன் வந்துவிட்டது.

திடலைச் சுற்றி நிற்கும் மரங்களிலிருந்து அந்த மாதம் முழுக்க முள்ளுறை வெடித்துக் கொட்டைகள் விழும். புளியங்கொட்டை நெல்லிக்காய் அளவுக்குப் பெருத்துப் பளபளத்தால் எப்படி இருக்கும், அப்படி. காட்டுச் செஸ்நட். உள்ளூர்ப் பிள்ளைகள் அதில் தீக்குச்சி செருகிக் குதிரை செய்கிறார்கள், ஆள் செய்கிறார்கள். நம்முடையவை குவிக்க ஆரம்பித்தன. ஜாக்கெட் பையில், அரிசிப் பையில், அப்பாவின் லேப்டாப் பையில், கட்டிலுக்கு அடியில்.

அப்பா எரிந்து விழுந்தார். பக்கத்து ஊரான பான் நகரில் பிறந்த ஹரிபோ மிட்டாய்க் கம்பெனி, 10 கிலோ செஸ்நட் கொண்டுவந்தால் ஒரு கிலோ மிட்டாய் தரும் பண்டமாற்று ஒன்றை 1936-இல் தொடங்கியது என்று ஆபீஸ் நண்பர் சொன்ன பிறகு கோபம் தணிந்தது. அன்றிரவே கோப்பில் புதிதாக ஒரு கட்டம் முளைத்தது. மனைவி அந்தக் கம்பெனியின் பொட்டலம் ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். "ஜெலட்டின் போட்டிருக்கு. மாட்டு எலும்போ பன்னித் தோலோ, ஏதோ ஒண்ணு. நம்ம வீட்டுக்குள்ள வராது." கட்டம் அழிந்தது.

சில வாரம் கழித்துக் கடைத்தெருவில் வறுத்த செஸ்நட்டைப் பொட்டலம் கட்டிப் பல யூரோவுக்கு விற்பதைக் கண்டபோது அவருக்கு மறுபடி மூளை வேலை செய்தது. "நம்ம கட்டிலுக்கு அடியில ஒரு மூட்டையே கிடக்கே, வாணலியை வை!" கடையில் விற்பது வேறு மரத்துக்காய், நம்மிடம் இருப்பது தின்றால் வயிற்றைக் கலக்கும் விஷக்காய் என்பது மனைவிக்குத் திடல் நட்பு வட்டாரத்தில் ஏற்கெனவே கிடைத்த தகவல். அன்று அந்தக் குடும்பம் தப்பியது திடலால்தான், அட்டவணையால் அல்ல.

அவர்கள் போயிருந்த 2024-இல் தீபாவளி அக்டோபர் 31-இல் வந்தது. ஊரெங்கும் பிள்ளைகள் ஹாலோவீன் பேய் வேஷத்தில் மிட்டாய் கேட்டு அலைய, நம் பிள்ளைகள் பட்டுப் பாவாடையிலும் வேட்டியிலும் கதவைத் திறந்து அதிரசம் கொடுத்தார்கள். வந்த பேய்கள் இவர்களின் வேஷம்தான் பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போயின. வெடிக்கு மட்டும் வழியில்லை. அந்த நாட்டில் பட்டாசு விற்பது ஆண்டின் கடைசிச் சில நாள்களில்தான், வெடிக்க அனுமதி புத்தாண்டையொட்டித்தான். மறுநாள் நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் திருநாள். சத்தமே போடக் கூடாத விடுமுறை.

அந்த வாரக் கடைசியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போனார்கள். தொழிற்பேட்டை நடுவே, லாரிகள் போகும் சாலைக்குப் பக்கத்தில் ராஜகோபுரம். ஈழத் தமிழர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்குச் செய்த கோயில். அப்பா வாசலில் நின்று அடுத்த ரயிலைத் தேடிக்கொண்டிருந்தார். பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பிள்ளையள் குளிரில நடுங்குதுகள். அந்தப் போனை மடியில வைச்சிட்டு முதல்ல வந்து சாப்பிடுங்கோ." மூன்று மாதத்தில் அவர் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்ட ஒரே உத்தரவு அது.

நவம்பர் 11 அட்டவணையில் பச்சை நிறம். "புனித மார்ட்டின் விளக்கு ஊர்வலம். கற்றுக்கொள்வது: பகிர்ந்து வாழ்தல்." லீவு போட்டார். நல்ல இடம் பிடிக்க வேண்டும் என்று காலையிலேயே குடும்பத்தைப் பழைய நகரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். விளக்கு ஊர்வலம் சாயங்காலம்தான். அதே நவம்பர் 11 காலை 11 மணி 11 நிமிடத்துக்குக் கொலோனில் கார்னிவல் பருவம் தொடங்குகிறது என்பதை அட்டவணை அறியாது. தேனீக்கள், கோமாளிகள், கடற்கொள்ளையர்கள், எல்லோர் கையிலும் பியர். அந்தக் கூட்டத்தில் அவர் கண்ணுக்கு ஒரு பிஷப் தென்பட்டார். நிம்மதிப் பெருமூச்சு விட்டு, அருகில் போய்க் கைகட்டி, ஊர்வலம் எங்கே தொடங்கும் என்று விசாரித்தார். பிஷப் அவரைக் கட்டிப்பிடித்துக் கையில் ஒரு கிளாஸைத் திணித்தார். கையில் பியரோடு திகைத்து நின்ற அந்தக் கோலத்தைப் பெரியவன் படம் பிடித்து வாட்ஸாப் குழுவில் போட்டான். குழுவிலிருந்து அவருடைய அப்பா பேசியது முக்கால் மணி நேரம்.

சாயங்காலம் வீட்டுக்குப் பக்கத்திலேயே நிஜ ஊர்வலம் வந்தது. குதிரைமேல் ரோமானிய வீரன், பின்னால் பிள்ளைகள் கையில் காகித விளக்குகள், பித்தளை வாத்தியம். குளிரில் கிடந்த பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியைப் பாதியாக வெட்டிக் கொடுத்தவர் மார்ட்டின் என்று கதை சொன்னார் அப்பா. அதோடு விட்டிருக்கலாம். "பாதிதான்! நம்ம பேகன் மயிலுக்கே முழுப் போர்வையைக் குடுத்தான்."

"மயிலுக்கு எதுக்குப்பா போர்வை? அதுக்குத்தான் இறகு இருக்கே?" என்றாள் சின்னவள். சங்க காலம் தொட்டுப் பதில் இல்லாத கேள்வி. விளக்கை நேராகப் பிடி என்று அதட்டினார்.

டிசம்பர் சீக்கிரம் ஓடிவிட்டது, பகல் நாலரைக்கே முடிந்துவிடுவதால் இன்னும் சீக்கிரம். நூரெம்பர்க் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போனார்கள். தங்க உடையும் தங்கச் சுருள்முடியுமாக மாதாகோயில் மாடத்தில் நின்று சந்தையைத் தொடங்கிவைக்கும் வேடத்துக்கு அந்த ஊர்ப் பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். 2019-இல் அந்த இடத்தில் நின்ற பெனிக்னா முன்சியின் தந்தை இந்தியர் என்று அப்பா எங்கோ படித்திருந்தார். "பார்த்தியா, நல்லாப் படிச்சா நீயும் அங்க நிக்கலாம்" என்று சின்னவளிடம் சொன்னார். படிப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. தமிழ்க் குடும்பத்தில் அப்படிக் கேட்பது வழக்கமில்லை.

டிசம்பர் 25-க்கு நேரே "ஷாப்பிங், தள்ளுபடி" என்று எழுதிவைத்திருந்தார். 24 மதியத்தோடு கடைகள் எல்லாம் சாத்தின. 25, 26 இரண்டு நாளும் திறக்கவில்லை. வீட்டில் தயிர் இல்லை. மோர்க்குழம்பு இல்லாத அந்த இரண்டு நாளில் அவர் கோப்பைத் திறக்கவே இல்லை. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, செஸ்நட்டை வைத்துப் பல்லாங்குழி ஆடினார். தோற்றார். அழுகுணி ஆட்டம் என்று சொல்லிவிட்டு மறுபடி ஆடினார்.

டிசம்பர் 31 இரவு அவர் சிறுவனாகிவிட்டார். வரிசையில் நின்று வாங்கிய பட்டாசை நடுத்தெருவில் வைத்துக் கொளுத்தினார். இரண்டு மாதம் தாமதமாக வந்த தீபாவளி. ஞாயிற்றுக்கிழமை மிக்சி ஓட்டியதற்காகப் படியேறி வந்து சண்டை போட்ட கீழ்வீட்டுப் பாட்டி, வாசலில் நின்று அவரைவிடப் பெரிய ராக்கெட் விட்டார்.

ஊர் திரும்பும்போது பெட்டிக்கு 23 கிலோதான். எடைபோட்டு, செஸ்நட் மூட்டையை வெளியே எடுத்துவைத்தார். பெரியவனின் ஜாக்கெட் பைகளில் எத்தனை போனது என்பது அவருக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரியும்.

இந்த அக்டோபரில் நீங்களும் பிள்ளை குட்டிகளோடு கிளம்புவதாக இருந்தால் அவரிடம் அந்தக் கோப்பைக் கேட்க வேண்டியதே இல்லை, தானாகவே அனுப்பிவைப்பார். வாங்கிக்கொள்ளுங்கள். மற்றக் கட்டங்களைத் தைரியமாக அழித்துவிடலாம். கழிப்பறைக் கட்டத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பிழையும் கிடையாது.