ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும்

வா நைனா, திண்ணையில குந்து. கழுத்துல அட்டை, கையில டேப்லட்டு. சர்வேவா? எத்தினி கேள்வி? அறுபத்தி நாலா! பொண்ணு பாக்க வந்தவங்ககூட இத்தினி கேக்கலியேடா. 2011-ல நாட்டையே எண்ணினாங்களே, அந்த வூட்டுக் கணக்குலயே 35 கேள்விதான். நீ மாங்காய்க்கு அறுபத்தி நாலு வெச்சிகினு வந்து நிக்கற.

படி பாக்கலாம். 'மாங்காய் விலையும் மானியமும் திருப்தியா? ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தருக.' பேஷ். 2025-ல தோத்தாபுரி கிலோவுக்கு 12 ரூவான்னு சொன்னாங்க. ஃபேக்டரி 8, கவர்மெண்டு 4. ஒருத்தனுக்கு இது வந்துது, அது வரல. இன்னொருத்தனுக்கு அது வந்துது, இது வரல. ரெண்டையும் ஒரே கயித்துல கட்டிட்டியே, அவன் எதுக்கு மார்க் போடுவான்? நடுவுல 3 போட்டுட்டு மாட்டைப் பாக்கப் போயிடுவான். நீ ஆபீசுக்குப் போயி, 'சித்தூர் விவசாயி சுமாரான மகிழ்ச்சியில் உள்ளார்'னு எழுதுவே.

அடுத்தது இன்னா? 'அரசின் சிறப்பான திட்டத்தால் பயனடைந்தீர்களா?' சிறப்புன்னு நீயே சொல்லிட்டே, அப்புறம் என்னை எதுக்குடா கேக்கற? இப்போ போன்லயும் கேக்கறாங்க. திருப்தின்னா ஒண்ணை அழுத்து, இல்லேன்னா ரெண்டை அழுத்து. பென்ஷன் வாங்கற கிழவி ரெண்டை அழுத்துவான்னா நெனைக்கற? அடுத்த மாசம் யாரு குடுப்பா?

திருமலைக்குப் போ. வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸ்ல அடைஞ்சு கெடக்கறவன்கிட்ட ஏற்பாடு எப்படின்னு கேளு, காது குடுத்துக் கேக்க முடியாது. அதே ஆளு தரிசனம் முடிஞ்சு, லட்டைக் கையில வெச்சிகினு வெளிய வர்றப்போ கேளு. 'பாகா உந்தி', நல்லா கீது சாமின்னு கன்னத்துல போட்டுக்குவான். ரெண்டுல எதை எழுதுவே? எங்க நின்னு கேட்டேன்றதையாவது எழுது.

உன்னைச் சொல்லி இன்னா? டில்லிப் பெரிய மனுசங்களே இதுல வழுக்கி வுழுந்தவங்கதான். 1999-2000-ல தேசிய மாதிரி ஆய்வு, 55-ஆவது சுற்று. சாப்பாட்டுச் செலவை முப்பது நாளுக்குக் கேக்கறதுதான் அப்போ பழக்கம். அந்தத் தபா ஏழு நாளுக்கும் கேட்டாங்க, முப்பது நாளுக்கும் கேட்டாங்க, ஒரே தாள்ல, பக்கத்துப் பக்கத்துல கட்டம் போட்டு. ஏழு நாள் கணக்கைச் சொன்ன வாயி முப்பது நாளுக்கு இன்னா சொல்லும்? ஒத்துப்போறாப்ல இழுத்துதான் சொல்லும். அப்புறம் வறுமை நெசமாவே கொறஞ்சுதா, கேள்வி மாறினதால கொறஞ்சுதான்னு பண்டிதருங்க வருசக்கணக்கா மல்லுக்கட்டினாங்க. அந்த ஏழை பாவம், ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல நின்னுகினு கெடந்தான்.

நம்ம ஊரு எல்லையும் பாஷைக் கணக்குலதானே தொங்கினு கெடந்துது? எல்லை பிரிக்க பட்டாஸ்கர்னு ஒருத்தரு வந்து, கிராமத்தை அலகா வெச்சி, எந்த ஊர்ல எந்தப் பாஷை ஜாஸ்தின்னு பாத்துப் பிரிச்சாரு. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி மெட்ராசுக்குப் போச்சு. சித்தூரு ஆந்திராவுலயே நின்னுது. இங்க எத்தினி வூட்ல அம்மாகிட்ட தமிழு, பொண்டாட்டிகிட்ட தெலுங்கு, மாட்டுகிட்ட ரெண்டும்! அவன்கிட்டப் போயி தாய்மொழி எதுன்னு கேட்டு ஒரே கட்டம் நீட்டினா, தலையச் சொறிவானா மாட்டானா?

சரி, மூஞ்சிய தூக்கி வெச்சிக்காதே. இந்தத் தாளை எடுத்துகினு பாகாலா பஸ் ஸ்டாண்டுக்குப் போ. கூடப் படிச்ச எம்பிஏ கூட்டாளிகிட்ட காட்டாதே, அவன் 'சூப்பர்'னுவான். பஸ்ஸுக்குக் காத்துகினு கீற பத்துப் பேருகிட்ட கேளு. எந்தக் கேள்விக்கு அவங்க 'இன்னா?'ன்றாங்களோ, அதை அடி. வருமானத்தைக் கடைசியில கேளு. எடுத்த எடுப்புல கேட்டா நாயை அவுத்து வுடுவாங்க. 'இதர'ன்னு அடியில ஒரு சின்னக் கட்டம் கீதே, அதைக் கொஞ்சம் பெருசாப் போடு நைனா. நாங்க பேச வேண்டியதெல்லாம் அங்கதான் கீது.