வலை காயப்போட யாரைக் கேட்க வேண்டும்?

இந்த இதழின் கேள்விகள் பழவேற்காடு ஏரிக்கரையிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் வந்தவை. ரோமாபுரியைப் பற்றிய கட்டுரை இத்தனை மீன் கேள்விகளைக் கிளப்பிவிடும் என்று எதிர்பார்க்கவில்லை. சந்தோஷம்!

கே: யவனர்கள் மிளகுக்கும் முத்துக்கும்தானே வந்தார்கள்? மீனுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? (பொன்னேரி)

ப: வாங்கிப்போனது மிளகு. கொண்டுவந்த சரக்கில் மீன் இருந்தது! மீன் குடலையும் பொடிமீனையும் உப்பில் ஊறப்போட்டு, வெயிலில் வைத்து வடித்த சாற்றை 'காரும்' என்பார்கள். ரோமானியச் சமையலறையில் அது இல்லாத நாள் கிடையாது. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் கிடைத்த ஜாடி ஓடுகளில் பெரும்பாலானவை ஒயின் ஜாடிகளுடையவை. மீன் சாறு வந்த ஜாடிகளின் ஓடுகளும் அங்கே உண்டு. மீன் கொட்டிக்கிடக்கும் சோழமண்டலக் கரைக்கு மேற்கேயிருந்து மீன் சாறு! நாக்கு ஊர் மாறச் சம்மதிப்பதில்லை.

கே: ரோமில் மீன் என்ன விலை? (மீஞ்சூர்)

ப: கி.பி. 301-ல் டயோக்ளீஷியன் பேரரசர் ஒரு விலைக்கட்டுப்பாட்டு ஆணை போட்டார். முதல் தரக் கடல்மீன் ராத்தலுக்கு 24 தினாரியஸ். உப்பு மீன் 6. வயலில் வேலை செய்பவருக்குச் சாப்பாடு போக நாள் கூலி 25. அவர்கள் ராத்தல் நம் கிலோவில் மூன்றில் ஒரு பங்குதான். பொழுதெல்லாம் மண்வெட்டி பிடித்தவர் நல்ல மீன் ஒரு ராத்தல் வாங்கினால் கையில் ஒரு தினாரியஸ் மிஞ்சும். ஏழைக்கு அங்கேயும் கருவாடுதான்.

கே: ஐயா, கரையில் வலை காயப்போட்டால் "இது யார் இடம் தெரியுமா?" என்று மிரட்டுகிறார்கள். ரோமாபுரியில் இப்படி உண்டா? (பழவேற்காடு)

ப: சட்டப்படி கிடையாது. கி.பி. 533-ல் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்டப் பாடநூல், காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை நான்கும் எல்லோருக்கும் பொது என்கிறது. அதோடு விடவில்லை. கரையில் குடிசை போட்டு ஒதுங்கலாம், வலையைக் கடலிலிருந்து இழுத்துப்போடலாம், அங்கேயே காயவும் போடலாம் என்று உங்கள் தொழிலைப் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல எழுதியிருக்கிறது. கரைக்குச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை என்பது அதன் முடிவு.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1996 டிசம்பர் 13-ஆம் தேதி நம் உச்ச நீதிமன்றம் இந்தக் கருத்தை ரோமிலிருந்து எடுத்து இந்தியச் சட்டத்தில் சேர்த்தது. எம்.சி. மேத்தா பெயரில் அறியப்படும் வழக்கு. இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றோரம் ஒரு ஓட்டல் கம்பெனிக்கு இடம் கொடுத்த விவகாரம். ஆறு, கடற்கரை, காடு, காற்று ஆகியவற்றுக்கு அரசு உரிமையாளர் அல்ல, மக்களுக்காக வைத்துக் காக்கும் பொறுப்பாளர் மட்டுமே என்பது தீர்ப்பு. கோயில் நிலத்துக்கு அறங்காவலர் எப்படியோ, கரைக்கு அரசு அப்படி. அறங்காவலர் விற்கக்கூடாததை இன்னொருவர் "என் இடம்" என்று எப்படிச் சொல்ல முடியும்? அடுத்த முறை மிரட்டினால் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கே: சட்டம் இருந்ததால் ரோமானியப் பணக்காரர்கள் கரையை விட்டுவைத்தார்களா? (லைட்ஹவுஸ் குப்பம்)

ப: எங்கே விட்டார்கள்! இந்த இதழில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். நேப்பிள்ஸ் பக்கம் லுக்ரினோ என்று ஒரு ஏரி. கடலுக்கும் அதற்கும் நடுவே உங்கள் ஏரிக்கு இருப்பதுபோலவே ஒரு மணல் திட்டு. ஜஸ்டினியனுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, செர்ஜியஸ் ஒராட்டா என்ற தொழிலதிபர் அங்கே சிப்பிப் பண்ணை போட்டுப் பெரும் பணம் பார்த்தார். பொது நீரை வளைத்துப்போடுகிறார் என்று ஏரி வரிக் குத்தகைதாரர் வழக்குக்குப் போனார். குத்தகைதாரர் பக்கம் வாதாடிய வக்கீல் கிராஸஸ், ஒராட்டாவை ஏரியிலிருந்து விரட்டினாலும் ஆள் அசரமாட்டார், கூரை ஓட்டின் மேலேயே சிப்பி வளர்த்துவிடுவார் என்று கிண்டலடித்தாராம்.

உங்கள் ஏரியின் ஒராட்டாக்கள் இறால் பண்ணைக்காரர்கள். நான் சொன்ன பியாஸ் தீர்ப்புக்கு இரண்டே நாள் முன்பு, டிசம்பர் 11 அன்று, அதே நீதிபதி குல்தீப் சிங் இன்னொரு தீர்ப்பு தந்தார். எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கு. அதில் சிலிகா ஏரியையும் பழவேற்காடு ஏரியையும் பெயர் சொல்லி, இரண்டுக்கும் 1,000 மீட்டருக்குள் இறால் வளர்ப்புத் தொழில் கூடாது என்றார்கள். 2005-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு, பண்ணைகளுக்கு உரிமம் தர ஓர் ஆணையத்தை அமைத்துவிட்டது. கூரை ஓட்டில் சிப்பி முளைப்பது இப்படித்தான்.

கே: கடல் எல்லோருக்கும் பொது என்றால் எங்கள் பாடு முறை தப்பா? (கோட்டைக்குப்பம்)

ப: தப்பில்லை. ரோமானியச் சட்டத்தில் இருந்த ஓட்டையை அடைப்பதே உங்கள் பாடுதான். எல்லோருக்கும் பொது என்று மட்டும் சொல்லிவிட்டால், பெரிய வலை வைத்திருப்பவர் முதலில் போய் வாரிக்கொள்வார். பாடு என்பது இன்ன இடத்தில் இன்ன நாள் இன்னார் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி வைக்கும் முறை. அப்படி வைத்தால், இறால் ஓடும் நல்ல இடம் இன்று ஒருவருக்கு, நாளை மற்றவருக்கு. ஆளுக்கு ஆள் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சீட்டில் பட்டினவர் சமூகத்தாருக்கு உள்ள இடம் ஏரியை நம்பிப் பிழைக்கும் மற்றவர்களுக்கு இல்லை. இருளர் பெண்கள் பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். படகு இல்லை, வலை இல்லை. அவர்களுக்குச் சீட்டில் பெயரும் இல்லை. முறையைக் கைவிடாதீர்கள், பந்தியில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.

கே: ரோமில் பெண்கள் மீன் விற்றார்களா? (கூனங்குப்பம்)

ப: விற்றார்கள். ரோம் நகரில் கல்பா கிடங்குகளில் மீன் விற்ற ஆரேலியா நாயிஸ் என்ற பெண்ணின் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. பெயரோடு தொழிலையும் வெட்டியிருக்கிறார்கள். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். நம் அரசுக் கணக்கில் கூடை சுமக்கும் பெண்ணுக்கு இன்னும் 'மீனவர் மனைவி' என்றுதான் பெயர் போடுகிறார்கள் என்றால், அந்தக் கல்வெட்டின் படத்தை அலுவலகத்தில் மாட்டச் சொல்லலாம்.

கே: அடிமைகளா? அவ்வளவு நல்ல சட்டம் எழுதியவர்களா? (ஜமீலாபாத்)

ப: ஆமாம். கடற்கரையை யாரும் சொந்தமாக்க முடியாது என்ற அதே நூல், மனிதரைச் சொந்தமாக்கலாம் என்றும் சொல்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. உங்கள் ஊருக்கும் அந்தத் தழும்பு உண்டு. டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை துணி வியாபாரத்துக்கு மட்டும் நிற்கவில்லை. பஞ்ச காலங்களில் விலைபோன ஏழைகளை இந்தத் துறையிலிருந்து படேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். டச்சுக் கல்லறையைச் சுற்றிக்காட்டும் பிள்ளைகள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கே: அந்த லுக்ரினோ ஏரி இன்றும் இருக்கிறதா? (ஆண்டிக்குப்பம்)

ப: குட்டையளவுக்கு இருக்கிறது. 1538-ல் பக்கத்திலேயே எரிமலை வெடித்து, சில நாட்களில் புதிதாக ஒரு மலையே எழும்பி, ஏரியின் பெரும்பகுதியைத் தூர்த்துவிட்டது. உங்களுக்கு எரிமலை பயம் இல்லை. முகத்துவாரத்தில் சேரும் மணல்தான் பயம். வாய் அடைத்தால் கடல்நீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. எங்கே, எவ்வளவு ஆழம் தோண்டுவது என்று வரைபடம் போடும் பொறியாளர்கள், தினமும் அந்த வாய் வழியாகப் படகு விடுகிறவர்களை முதலில் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.